பத்தரை மணிச் சிரிப்பு

கம்பெனி மூன்றாவது முறையாகக் கைமாறியபோது கட்டடம், இயந்திரங்கள், கிடங்கில் கிடந்த செம்புக் கம்பிச் சுருள்கள் எல்லாவற்றோடும் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவின் சிரிப்பும் விலைபோயிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான் அது தெரியாது.

கோயம்புத்தூரில் கணபதிக்கு அப்பால் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனி அது. முதல் முதலாளி காலத்தில் வாசல் சுவரில் 'உழைப்பே உயர்வு' என்று எழுதியிருந்தது. மும்பைக்காரர்கள் வாங்கியதும் அதன்மேல் வெள்ளையடித்து 'தரமே நம் தாரக மந்திரம்' என்று எழுதினார்கள். இப்போது வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அவர்கள் அதையும் அழித்துவிட்டு 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதச் சொன்னார்கள். மழையில் சுவர் ஊறினால் மூன்று வாசகங்களும் ஒன்றன் வழியே ஒன்று எட்டிப் பார்க்கும். எதையும் படிக்க முடியாது.

வாசுகிக்கு அந்தச் சுவர் பழகிவிட்டது. முதலாளி மாறினால் சீருடையின் நிறம் மாறும், கேன்டீன் சாம்பாரின் தண்ணீர் கூடும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அவளுடைய வேலை மாறவில்லை. மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் இடுக்குகளுக்குள் செம்புக் கம்பியை விரலால் அழுத்தி அழுத்திச் சுற்ற வேண்டும். பெரிய மோட்டார்களுக்கு இயந்திரம் வந்துவிட்டாலும், சொல்லி வாங்கும் சிறப்பு மோட்டார்களுக்கு இன்னும் விரல்கள் தேவைப்பட்டன.

புது முதலாளிகள் அனுப்பிய மணிக்கட்டுப் பட்டைகளைக் கொண்டுவந்தவன் பெயர் கிருத்திவாசன். சென்னையிலிருந்து வந்தவன், முப்பது வயது இருக்கலாம். பதவி, பண்பாட்டு மேலாளர்.

"பண்பாடுன்னா என்னங்க சார்? பொங்கலுக்குக் கோலம் போட வெப்பீங்களா?" என்று வாசுகியோடு வேலை பார்க்கும் பெனாசிர் கேட்டாள்.

"அதுவும்தாங்க" என்று அவன் சிரித்தான். பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மெல்லிய சாம்பல் நிறப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டான். "இது உங்க மனநிலையைப் படிக்கும். யாராவது சோர்ந்துபோனா கம்பெனிக்கு முன்னாடியே தெரியும். உங்க நல்லதுக்குத்தான்."

"கழட்டுனா?" இது அமலி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பாதி ஆயுள் கோவையில் கழிந்தும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவள்.

"வேலை நேரத்துல கழட்டினா அன்னிக்குச் சம்பளம் வராதுக்கா. சிஸ்டம் தானா பண்றது, நான் இல்லை."

"பேய் புடிக்கறதும் தானாத்தான் புடிக்கும்" என்றாள் அமலி.

சுவரில் ஒரு திரை மாட்டினார்கள். அதில் ஒரு பச்சைக் கம்பம் ஏறி இறங்கும். பெண்கள் அதற்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். வேறு பிரிவுகளில் அது இடுப்பளவில் நின்றபோது வைண்டிங்கில் மட்டும் தோளுக்கு மேல் நின்றது. காலை பத்தரைக்கு, டீ வரும்போது, உச்சியைத் தொட்டது.

ஏன் என்று பார்க்கக் கிருத்திவாசன் ஒருநாள் வந்து நின்றான். டீ வந்திருந்தது, யாரும் குடிக்கவில்லை. அமலியின் டம்ளர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"யாரு மேல?" என்று பெனாசிர் கேட்டாள்.

"வாசுகி மேலதான். என் கம்பி கட்டரை எடுத்து ஆணி புடுங்கியிருக்கா. முனை போச்சு. கேட்டா சொல்லமாட்டேங்கா."

"நானில்லைங்க்கா."

"ஏட்டி, உன் நெயில் பாலிஷ் அதுல ஒட்டியிருக்குட்டி!"

அறை முழுக்கச் சிரித்தது. வாசுகி முகம் சிவந்து ஒப்புக்கொண்டாள், அமலி டம்ளரை நிமிர்த்தினாள், ஆறிய டீயை எல்லோரும் குடித்தார்கள்.

"இது என்ன சடங்கு?" என்றான் கிருத்திவாசன்.

"சடங்கெல்லாம் இல்லீங்க" என்றாள் பெனாசிர். "முன்ன ரெண்டு பேரு பேச்சுவார்த்தை இல்லாம ஒரே மேசைல உக்காந்து வேலை பாத்தாங்க. 'அவகிட்ட வயரு கேளு, இவகிட்ட டேப்பு கேளு'ன்னு நடுவுல நான் தூது. வெறுத்துப்போய் ஒருநா டம்ளரைக் கவுத்துட்டு, பேசித் தீர்த்தாத்தான் எல்லாத்துக்கும் டீன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதே பழக்கமாயிருச்சு. யாரு மேல குத்தமோ அவங்க பதில் சொல்லோணும். சொல்ற வரைக்கும் டீயும் இல்லை, வேலையும் இல்லை."

கிருத்திவாசன் கண்கள் விரிந்தன. அடுத்த வாரமே அவர்கள் படம் போட்ட சுவரொட்டி எல்லாப் பிரிவுகளிலும் ஒட்டப்பட்டது.

வாசுகியின் தங்கை தாரணி ஓசூரில் இருந்தாள். அவள் வேலை பார்த்த தொழிற்சாலையையும் இதே முதலாளிகள்தான் வாங்கியிருந்தார்கள். சுற்றி முடித்த காயில்களை வார்னிஷில் முக்கிச் சூளையில் காயவைக்கும் கூடத்தில் வேலை. ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். முன்பெல்லாம் போனில் மூச்சுவிடாமல் புலம்புவாள். சூப்பர்வைசர் முதல் பக்கத்துவீட்டு நாய் வரை அவளிடம் திட்டு வாங்காதவர்கள் கிடையாது. கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் "நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றாள். ஆனால் பேச்சுக்கு நடுவே இருமினாள்.

ஓசூரில் குடும்ப நாள் என்று ஒன்று வைத்து உறவினர்களை உள்ளே விட்டார்கள். வாசுகி விடுப்பு போட்டுவிட்டுப் போனாள்.

வார்னிஷ் கூடத்தின் கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. தூசி படியக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். உயரத்தில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் வரிசையாக இருந்தன, ஒன்றும் ஓடவில்லை. ஒன்றின் இறக்கைகளுக்கு நடுவே புறா கூடு கட்டியிருந்தது. கீழே பெண்கள் முழங்கையில் வாயைப் பொத்தி இருமினார்கள். கையை எடுத்ததும் புன்னகைத்தார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் சாம்பல் நிறப் பட்டை.

"ஃபேன் ஏன் புள்ள ஓடலை?"

"ரிப்பேருங்க்கா. ஓடாட்டி கரண்டும் மிச்சம்னாங்க."

"புறா கூடு கட்டற அளவுக்கு ரிப்பேரா? மாசமா இருக்கறவ இதுல நிக்கலாமா? வேற பிரிவு கேக்கறதுக்கென்ன?"

"கேக்கோணும்னு வீட்ல நெனைப்பேன். ராத்திரி அவருகிட்ட அழுதுகூட இருக்கேன். காலைல வந்து பட்டையைப் போட்டதும், அட, இதுக்குப் போயா கேக்கறதுன்னு ஆயிருது." தாரணி அக்காவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "இங்க எல்லாரும் ஒரே குடும்பமுங்க்கா."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூடம் முழுவதும், காற்று வந்து வயலைத் தொட்டதுபோல, சட்டென்று மலர்ந்தது. தாரணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்துப் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருமினார்கள், இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

"என்ன புள்ள? எதுக்குச் சிரிக்கறீங்க?"

"தெரியலைங்க்கா" என்றாள் தாரணி மூச்சு வாங்க. "தெனமும் இந்நேரத்துக்கு ஒரு சந்தோசம் வரும்."

வாசுகி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை தாண்டியிருந்தது. வெளியே ஓடிவந்து பெனாசிருக்கு போன் போட்டாள்.

"இப்ப என்னடி சொன்னே அங்க?"

"ஏன், ஓசூர் வரைக்கும் கேட்டுச்சா?" பெனாசிர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "அமலியக்கா வீட்டுக்காரரு புது ஹெல்மெட்டுக்கு வாசம் போகட்டும்னு போட்டுட்டே படுத்துத் தூங்கிட்டாராம். காலைல இந்தக்கா திருடன்னு நெனச்சு வெளக்குமாத்தால…"

"எல்லாரும் சிரிச்சீங்களா?"

"அமலியக்கா டீயைத் துப்பிட்டா. ஏன்டி? வாசுகி? ஏன்டி பேச மாட்டேங்கற?"

மறுநாள் அவள் நேரே கிருத்திவாசன் அறைக்குப் போனாள். அவன் மறைக்கவில்லை, மறைக்கவேண்டிய விஷயமாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நாலு ஊருக்குப் போகுதுக்கா உங்க சந்தோஷம்! பட்டை படிக்கும், அனுப்பும். அங்க இருக்கற பட்டை வாங்கி அவங்களுக்குள்ள ஊட்டும். எவ்வளவு செலவழிச்சாலும் ஒரு கம்பெனிக்குப் பண்பாட்டை உருவாக்க முடியாது. உங்ககிட்ட அது தானா விளைஞ்சிருக்கு. ஒரு விளக்குலேர்ந்து இன்னொரு விளக்கை ஏத்தினா முதல் விளக்குக்கு என்ன நஷ்டம்?"

"எங்களைக் கேக்கலையே."

"கையெழுத்துப் போட்டீங்களே."

"என்ற தங்கச்சி புகைல நிக்கறா சார். வயித்துல புள்ளை. ஃபேன் ஓடலை. கேக்க வேண்டியவ சிரிச்சுட்டு நிக்கறா, எங்க சிரிப்பை."

அவன் முகம் ஒரு கணம் வாடியது. "ஃபேன் என் துறை இல்லைக்கா. எழுதிப் போடறேன்."

"எங்க கோவம் போகுமுங்களா அங்க?"

"சேச்சே. கோபம், அழுகை, பயம், சலிப்பு, எதுவுமே போகாது. நடுவுல வடிகட்டி இருக்கு. நெஞ்சு நிமிர்ற உணர்வு, ஒண்ணா இருக்கோம்ங்கற தெம்பு, அந்த மாதிரி பிரகாசமானது மட்டும்தான் தாண்டும். நாங்க ரொம்பக் கவனமா இருக்கோம்."

டீ இடைவேளையில் வாசுகி எல்லாவற்றையும் சொன்னாள். மீட்டர் மெல்ல இறங்கியது.

"அப்ப நான் சொன்ன ஜோக்கெல்லாம்…" என்று தொடங்கிய பெனாசிர் டீயைத் தள்ளி வைத்தாள். "இனிமே யாரும் சிரிக்கக்கூடாது" என்றாள். "அனுப்பறதுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிருவோம்."

செய்துபார்த்தார்கள். பெனாசிர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த முகத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. அமலி ஓரக்கண்ணால் பார்த்தாள். "பல்லு புடுங்க வந்தவ மாதிரி இருக்கட்டி" என்றாள். அவ்வளவுதான். பத்தரைக்கு முன்பே மீட்டர் உச்சிக்குப் போய்விட்டது.

அடுத்து சண்டை போட்டுப் பார்த்தார்கள். நிஜமான பழைய பகைகளைத் தோண்டியெடுத்துக் கத்தினார்கள். மீட்டர் தரைக்கு வந்தது. வாசுகி நம்பிக்கையோடு ஓசூருக்குப் போன் போட்டு, அங்கே வரும் சிரிப்பு தங்களுடையது என்பதையும் சொன்னாள். "நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றாள் தாரணி. சரக்கு வராத நாளுக்கென்று பழைய சிரிப்புகளைச் சேமித்து வைத்திருப்பார்கள்போல. இருமல் இப்போது ஆழத்திலிருந்து வந்தது.

கிருத்திவாசன் எழுதிப்போட்டதற்குப் பதில் வரவில்லை. வாரங்கள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை டீ வந்தபோது வாசுகி டம்ளரைக் கவிழ்த்தாள்.

"யாரு மேல?" என்று பெனாசிர் கேட்டாள். கேட்பது அவள் வழக்கம்.

"கம்பெனி மேல."

அப்படி ஒரு பதிலை அந்த மேசை கேட்டதில்லை. ஆனால் பழக்கம் பழக்கம்தான். யார்மேல் குற்றமோ அவர்கள் வந்து பதில் சொல்ல வேண்டும். பெனாசிர் எழுந்துபோய் மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள். "சார், உங்களை மேசைக்குக் கூப்பிடறாங்க."

அவன் வந்தான். கவிழ்ந்த டம்ளரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"ஓசூர்ல ஃபேன் ஓடோணும்" என்றாள் வாசுகி. "எப்பன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் டீயும் இல்லை, வேலையும் இல்லை."

"அக்கா, இது உங்களுக்குள்ள பண்ற விளையாட்டு. கம்பெனிகிட்ட இதெல்லாம்…"

"ஒரே குடும்பம்னு செவுத்துல எழுதியிருக்கீங்களே?" என்றாள் பெனாசிர். தன் டம்ளரைக் கவிழ்த்தாள்.

"தயவுசெஞ்சு கேளுங்க. ஆர்டர் இன்னிக்குப் போகணும். வேலையை நிறுத்தினா மேலேர்ந்து நேரா டிஸ்மிஸ்தான். என்னால தடுக்க முடியாது. எல்லாரும் வீட்டைப் பாருங்க, பிள்ளைங்க படிப்பைப் பாருங்க."

எல்லோரும் பயந்தார்கள். மீட்டர் அதைக் காட்டியது. பச்சைக் கம்பம் முழங்காலுக்குக் கீழே போனது. தானும் பெனாசிரும் மட்டுமே நிற்கப்போகிறோம் என்று வாசுகி ஒரு கணம் நினைத்தாள்.

அமலி டீயைக் கீழே வைத்தாள். மெதுவாக, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்து வாளியில் கொட்டிவிட்டுக் கவிழ்த்தாள்.

"தம்பி, இந்த வெரலால சுத்துன மோட்டாருலதான் பாதி ஊரு தண்ணி குடிக்கி. எங்களை அனுப்பிட்டு யாரை வச்சு சுத்துவிய? நீங்க சுத்துவியளா? எங்க, வெரலைக் காட்டுங்க பாப்போம்."

கிருத்திவாசன் தன்னையறியாமல் விரல்களை மடக்கிக்கொண்டான்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு டம்ளர்கள் விழும் ஓசை. ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, பிறகு மேசை மேசையாக, கூரைமேல் பெருமழை இறங்கியதுபோல. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் சொல்லி எழவில்லை. வாசுகிக்கு நெஞ்சுக்குள் ஏதோ அகலமாகத் திறந்தது. பயம் போகவில்லை, அது ஓர் ஓரத்தில் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து அறையை நிறைத்திருந்தது. 'முடியாது' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"ஏய், மீட்டரைப் பாருங்கடி" என்றாள் பெனாசிர்.

பச்சைக் கம்பம் உச்சியை முட்டி, எண்கள் எழுதியிருந்த இடத்தையும் மூடிவிட்டு, திரையின் விளிம்பில் நின்றது.

கிருத்திவாசன் அதைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான். "இது தப்பு" என்றான். "வேலை நிறுத்தினா இறங்கணும்." குரல் தாழ்ந்தது. "தாண்டியிருக்கும். இது அப்படியே தாண்டியிருக்கும்."

அவனுடைய போன் அலறியது. எடுத்தான். "ஓசூரா?… நாலு ஊர்லயுமா?" என்றான். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அதே நேரம் வாசுகியின் போனும் ஒலித்தது.

"அக்கா!" தாரணியின் குரல் பின்னணி இரைச்சலுக்கு மேலே கணீரென்று வந்தது. "கூடத்தை விட்டு எல்லாரும் வெளிய வந்துட்டோமுங்க்கா! சூப்பர்வைசரு முன்னாடி நான்தான் சொன்னேன், ஃபேன் ஓடாம உள்ள வரமாட்டோம்னு. நான்தான் மொதல்ல சொன்னேன்! எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. திடீர்னு நெஞ்சு நிமிந்துச்சு." குரலில் சிறு குழப்பம் புகுந்தது. "அக்கா, நீ அன்னிக்குச் சொன்னயே. சிரிப்பு உங்களுதுன்னு. அப்ப இது? இது என்ற தைரியமா, உங்களுதா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

"சொல்லாதே" என்று பெனாசிர் கிசுகிசுத்தாள். "பட்டையைப் போட்டே இருக்கட்டும். ஃபேன் ஓடட்டும் மொதல்ல."

"கழட்டச் சொல்லுங்கக்கா" என்றான் கிருத்திவாசன். நாற்காலியிலிருந்து எழுந்திருந்தான். "இணைப்பை அறுக்கச் சொல்றாங்க மேலேர்ந்து. நான் அறுத்தா ஒரே நேரத்துல எல்லாருக்கும் தெம்பு போய் வலி தெரியும், கலவரமாயிடும். ஒருத்தர் ஒருத்தரா அவங்களே கழட்டினா அமைதியா உள்ள போயிடுவாங்க. ப்ளீஸ்."

"கழட்டுனா சம்பளம் கிடையாதுன்னிய?" என்றாள் அமலி.

அவன் மறுபடியும் வாசுகியின் போனைக் காட்டினான்.

தாரணி பட்டையைக் கழட்டுவதை அவனும் விரும்பினான் என்பதுதான் வாசுகியைத் தடுத்தது. கழட்டினால் தாரணி தலைகுனிந்து அந்தப் புகைக்குள் திரும்பிப் போய்விடலாம். கழட்டாவிட்டால் ஃபேன் ஓடலாம்; குழந்தை தப்பலாம். ஆனால் தங்கைக்குள் நிற்பவள் தாரணியாக இருக்கமாட்டாள். இத்தனை நாளும் கம்பெனி செய்ததை, நல்ல காரணத்துக்காக, இவள் செய்துகொண்டிருப்பாள்.

"கண்ணு" என்றாள். "அது எங்களுது. எங்க டம்ளர்லேர்ந்து வந்தது."

வாசுகி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பட்டையைக் கழட்டிரு. கழட்டிட்டு உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்யி. உள்ள போனாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பெனாசிர் கண்ணை மூடிக்கொண்டாள். கொக்கி விடுபடும் சிறு ஓசை போனில் கேட்டது. யாரோ இருமினார்கள். வேறு யாரோ, "தாரணி, என்ன ஆச்சு, ஏன் உக்காந்துட்டே?" என்றார்கள்.

"அக்கா."

அந்தக் குரல் கணீரென்று இல்லை. கரகரத்திருந்தது. பல மாதங்களாக வாசுகி கேட்காத குரல்.

"சொல்லு கண்ணு."

"தலை வலிக்குதுங்க்கா. நெஞ்செல்லாம் எரியுது. இத்தனை வலி எங்கிருந்துச்சு?" தாரணி அழுதாள். "பயமா இருக்கு. கையெல்லாம் நடுங்குது. கேட் பக்கத்துல சூப்பர்வைசரு நின்னு என்னையே பாக்கறாரு."

பயம் வடிகட்டியைத் தாண்டாது. எனவே அது யாரும் அனுப்பியது அல்ல.

"உள்ள போயிடறயா?"

தாரணி மூக்கை உறிஞ்சினாள். எழுந்து நிற்க யாரையோ கைகொடுக்கச் சொன்னாள். நின்றபின் பேசியபோது குரல் இன்னும் நடுங்கியது.

"அந்தாளுக்கு என்ன நெனப்புங்க்கா, மொறைச்சா போயிருவோம்னு? பொறு, மத்தவங்களுதையும் கழட்டச் சொல்லிட்டு வாரேன். புறாக் கூட்டை எடுத்து வெச்சுட்டு ஃபேனைப் போடட்டும். அது சுத்தறதை என்ற கண்ணால பாக்காம ஒருத்தியும் உள்ள போகமாட்டோம்."